சுசீலா ராமன் பாட்டை எந்த வகையில் சேர்ப்பது? நோட்டீஸில் ஒரு வரி எழுத வேண்டும்

வைத்திக்குப்பம்_வாசி (புதுச்சேரி) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் 21 ஃபெத் த லா மியூசிக் அன்று பாண்டியில் தெருவுக்குத் தெரு பாட்டு நடக்கும், தெரியும்தானே. அதற்கு முந்தின வாரம் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு நண்பர் வீட்டு மாடியில் பாட்டு கேட்கும் மாலை ஒன்று வைக்கிறோம். கச்சேரி கிடையாது. நல்ல ஸ்பீக்கர் இரண்டு, உட்காரப் பாய், டீ. ஒரே ஒருவரின் பாட்டுகளை ஆரம்பத்திலிருந்து வரிசையாகக் கேட்டுவிட்டுப் பேசுவோம். இந்த முறை சுசீலா ராமன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1973-ல் லண்டனில் பிறந்தவர், பெற்றோர் தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர்கள். சின்ன வயதிலேயே குடும்பம் ஆஸ்திரேலியா போய்விட்டது. வீட்டில் கர்நாடக சங்கீதம், வெளியே ராக் பேண்டு என்று வளர்ந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் இந்தியா வந்து ஸ்ருதி சடோலிக்கரிடம் இந்துஸ்தானி கற்றார். அப்புறம் இங்கிலாந்து திரும்பி சாம் மில்ஸ் என்ற கிட்டார்க்காரருடன் சேர்ந்து 2001-ல் 'சால்ட் ரெயின்' என்ற முதல் ஆல்பம் போட்டார். அந்த வருடம் பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான பட்டியலில் அது இடம்பிடித்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். நோட்டீஸ் அடிக்க டிடிபி கடைக்குக் கொடுக்க வேண்டும். "என்ன மாதிரிப் பாட்டு" என்று ஒரு வரி போட்டால்தான் ஆள் வருவார்கள் என்று எங்கள் குழுவில் எல்லாரும் சொல்கிறார்கள். ஒருவர் 'ஃப்யூஷன்' என்கிறார், இன்னொருவர் 'வேர்ல்ட் மியூசிக்' என்கிறார், என் தங்கை 'பக்தி ராக்' என்று எழுதிக் கொடுத்தாள். மூன்றும் எனக்கு ஒட்டவில்லை. முதல் ஆல்பத்திலேயே தியாகராஜரின் நகுமோமு இருக்கிறது, அவரே எழுதிய ஆங்கிலப் பாட்டுகள் இருக்கின்றன, டிம் பக்லி என்ற அமெரிக்கர் பாடிய பாட்டு ஒன்றும் இருக்கிறது. 2005-ல் வந்த 'மியூசிக் ஃபார் க்ரொக்கடைல்ஸ்' ஆல்பத்தில் ஒரு பாட்டு பிரெஞ்சில், அதைப் போட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் வரிக்கு வரி அர்த்தம் சொல்வார்கள். 2007-ல் முழுக்க முழுக்க டிலன், ஹெண்ட்ரிக்ஸ் மாதிரி மேற்கத்திய ராக் ஆட்களின் பழைய பாட்டுகள். 2011-ல் 'வேல்', பெயரே சொல்கிறது, முருகன் பாட்டும் எலக்ட்ரிக் கிட்டாரும். 2014-ல் பாகிஸ்தானின் ரிஸ்வான் முவஸ்ஸம் கவ்வாலிக் குழு, சூஃபிகளின் பக்திப் பாட்டு. 2018-ல் ஜாவா தீவின் வெண்கலத் தாளக் கருவிகள், கேமலான் என்பார்களே, அது.

இவ்வளவையும் ஒரே சொல்லில் அடைத்தால் யாரோ ஒருவருக்குப் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்பதுதான் என் கவலை. ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டுப் போ என்கிறார்கள் வீட்டில். எனக்கு மனசு வரவில்லை, இந்தப் பாட்டுகள் எனக்கு அவ்வளவு முக்கியம். நீங்கள் என்ன போடுவீர்கள்?

---

மைக்செட்_திருப்பாதிரிப்புலியூர் (கடலூர்) எழுதியது:

அண்ணா, 'ஃப்யூஷன்' மட்டும் போடாதீங்க. எனக்கு சவுண்ட் சர்வீஸ்தான் தொழில், அந்தப் பெயரில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு மிக்சரில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே எப்படி என்றால் வயலின் ஒரு சுற்று, கீபோர்டு ஒரு சுற்று, அப்புறம் தவில், டிரம்ஸ் போட்டி, கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு மோரா, அதாவது மூன்று முறை வரும் முடிப்புத் தாளக்கட்டு, வைத்து முடிப்பார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை, எனக்கே பிடிக்கும். ஆனால் அங்கே ஒவ்வொரு வாத்தியமும் தன் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வரும்.

'வேல்' ஆல்பம் அப்படி இல்லை. மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்தில், பங்குனி உத்திரக் காவடிக்கு சுற்றுவட்டாரத்தில் என்று நான் ஸ்பீக்கர் குழாய் கட்டிய இடங்களில் பாடுகிறவர்களின் குரலை உன்னிப்பாகக் கவனித்திருக்கிறேன். காவடிப் பாட்டில் வரி சின்னதாக இருக்கும், முன்னால் போகிறவர் பாடினால் பின்னால் வருகிறவர்கள் வாங்கிப் பாட வேண்டும். பம்பையும் உடுக்கையும் அடிக்கிற அடியில் குரல் மூழ்கிப்போகாமல் இருக்க நெஞ்சிலிருந்து எடுத்து எறிவார்கள். நளினம் காட்ட நேரம் கிடையாது. போகப் போகக் காலம் ஏறும், காவடி எடுத்தவர் கால் எப்போது வேகம் பிடிக்கிறதோ அதுதான் கணக்கு.

சுசீலா ராமன் இந்தப் பாட்டுகளுக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்து கோவை கமலாவிடம் கற்றுக்கொண்டவர். அந்த எறிகிற குரல் அவரிடம் இருக்கிறது. எலக்ட்ரிக் கிட்டார் அங்கே அலங்காரத்துக்கு வரவில்லை, பம்பை செய்கிற வேலையைத்தான் செய்கிறது, ஆளைப் பிடித்துத் தள்ளுகிறது. லெவல் மீட்டரை மட்டும் பார்த்தால் இது ராக் பேண்டு என்பான், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மயிலம் முருகன் கோயில் படியில் நிற்கிற மாதிரி இருக்கும். அதனால் தங்கச்சி சொன்ன 'பக்தி ராக்' அந்த ஒரு ஆல்பத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு வருகிறவர் கேமலான் பாட்டைப் போட்டதும் என்ன செய்வார்?

---

பழைய_கேசட்_பிரியன் (புதுச்சேரி) எழுதியது:

'வேர்ல்ட் மியூசிக்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு முடிவு பண்ணுங்கள். 1987-ல் லண்டனில் ஒரு பப்பின் மாடி அறையில் சின்னச் சின்ன ரெக்கார்டு கம்பெனி ஆட்கள், பத்திரிகைக்காரர்கள், ரேடியோக்காரர்கள் கூடி உட்கார்ந்து எடுத்த முடிவு அது. அவர்களுக்கு ஒரு நிஜமான சிக்கல் இருந்தது: ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த ரெக்கார்டுகளைக் கடைக்காரர் எந்த அடுக்கில் வைப்பது என்று தெரியாமல் வாங்கவே தயங்கினார். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர், ரேக்கில் செருக ஒரு அட்டை, விளம்பரத்துக்கு ஆளுக்குக் கொஞ்சம் பணம் என்று பேசி முடித்தார்கள். அதாவது அது பாட்டைக் கேட்டு வைத்த பெயரே இல்லை, கடையின் அடுக்குக்கு வைத்த பெயர்.

அதைக் கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். அந்த அடுக்கு இருந்ததால்தான் நம்மூர்ப் பாட்டு பல பேர் காதில் விழுந்தது. சுசீலா ராமனுக்கே பிபிசி ரேடியோ 3-ன் வேர்ல்ட் மியூசிக் விருதுகளில் 2002-ல் புதுமுகம் விருது கிடைத்தது. ஆனால் அந்த அடுக்கு லண்டன் கடைக்காரர் நிற்கிற இடத்திலிருந்து பார்த்துப் போட்டது. முருகன் பாட்டு அவருக்கு வெளியூர்ச் சரக்கு. முத்தியால்பேட்டையில் ஒட்டப்போகிற நோட்டீஸில் அதே முருகன் பாட்டை 'உலக இசை' என்று எழுதினால் நம் வீட்டுத் திண்ணையை நாமே வெளிநாடு என்று சொல்கிற மாதிரி ஆகும். கிராமி விருதுக்காரர்களே 2020-ல் அந்தப் பிரிவின் பெயரிலிருந்து 'வேர்ல்ட்' என்பதை எடுத்துவிட்டு 'குளோபல்' என்று மாற்றினார்கள். அடுக்கு என்னவோ அதேதான்.

இன்னொன்று, 'சால்ட் ரெயின்' ஆல்பத்தில் யார் யார் வாசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பேஸ் கிட்டார் ஹிலேர் பெண்டா, கேமரூன்காரர். செல்லோ வின்சென்ட் செகால், பிரான்ஸ். தாளத்துக்கு கினி பிசாவுவிலிருந்து வந்த ஜனுனோ டாபோ, தபலாவுக்கு ஆரிஃப் துர்வேஷ். இந்தப் பட்டியலை அப்படியே நோட்டீஸில் போட்டாலே போதும், வகைப் பெயர் எதற்கு?

---

பாட்டு_டீச்சர் (லாஸ்பேட்டை) எழுதியது:

தம்பி, வகைப் பெயரே வேண்டாம் என்று எல்லாரும் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள், நான் கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன். பிள்ளைகளுக்குப் பல வருடமாக வாய்ப்பாட்டு சொல்லித் தருகிறேன். பெயர் என்பது கேட்கிறவருக்குக் கொடுக்கிற வாக்கு. கர்நாடக சங்கீதம் என்று எழுதினால் வருகிறவர் காது ஒரு மாதிரி உட்காரும்: பல்லவியில் சங்கதி, அதாவது அதே வரியைப் புதுப்புது விதமாகப் பாடுவது, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும், அனுபல்லவியில் மேல் ஸ்தாயி தொடும், முடிந்தால் அந்த இடத்திலேயே கற்பனையாகப் பாடும் நிரவல், ஸ்வரம் வரும் என்று காத்திருப்பார். நகுமோமு என்றால் கேட்கவே வேண்டாம், அந்த முதல் வரியின் சங்கதிகளுக்காகவே ஆபேரி ராகத்தைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சுசீலா ராமன் பதிவில் வயலின் நிற்கிற இடத்தில் கிட்டார் நிற்கிறது, பாட்டு ஒரு பாட்டாக வந்து போகிறது, கிருதியைக் கட்டி எழுப்புகிற அந்த வேலை அதன் நோக்கமே இல்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் குரலில் கீழ் ஸ்தாயி கனமாக, நிதானமாக விழுகிற விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் தயவுசெய்து கர்நாடக சங்கீதம் என்று மட்டும் போட்டுவிடாதே, வருகிறவர் ஏமாந்து திரும்புவார், அப்புறம் அந்தப் பாடகிக்குத்தான் கெட்ட பெயர்.

அதற்காக இந்தப் பக்கம் எல்லாம் கல்லில் செதுக்கியது என்றும் நினைக்காதீர்கள். இன்றைக்கு எல்லாரும் பாடுகிற ஆபேரியில் சதுஸ்ருதி தைவதம், அதாவது 'த' ஸ்வரத்தின் உயர்ந்த வடிவம். ராக இலக்கணம் சொல்லும் பழைய லட்சண நூல் வழியில் அந்த ராகத்துக்குத் தாழ்ந்த வடிவமான சுத்த தைவதம்தான். ஒரே ஒரு ஸ்வரம் மாறி ராகத்தின் முகமே மாறியது, முசிரி சுப்பிரமணிய ஐயர் இசைத்தட்டு வந்த பிறகு புதிய முகமே ஊரெல்லாம் பரவியது. இன்றும் சுத்த தைவதத்தில் பாடிக் காட்டுகிறவர்கள் உண்டு. பெயர் ஒன்று, பாட்டு ஒன்று, உள்ளே இருக்கிற ஸ்வரம் வேறு. சபாவில் யாரும் எழுந்து போய்விடவில்லையே.

என் யோசனை இதுதான். பழைய பாட்டுப் புத்தகங்களில், நாடகப் பாட்டுப் புத்தகங்களில், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் என்ன அச்சடித்திருப்பார்கள்? ராகம், தாளம், இன்ன பாட்டின் மெட்டு. புத்தகம் முழுமைக்கும் ஒரு வகைப் பெயரைத் தேடி யாரும் அலையவில்லை. நீயும் அப்படிப் போடு. மொத்தத்துக்கு ஒரு சொல் வேண்டாம், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி.

---

வைத்திக்குப்பம்_வாசி எழுதியது:

டீச்சர், இது எனக்குத் தோன்றவே இல்லை, ரொம்ப நன்றி. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி என்றால் கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடலாம்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது. குழுவில் ஒரு அண்ணன் கேட்கிறார், "இவ்வளவு தூரம் மாறி மாறிப் போகிறவருக்கு சொந்த வழி என்று ஒன்று இருக்கிறதா, இல்லை கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துப் பாடுகிறாரா?" என்று. நான் இருக்கிறது என்று சொன்னேன், ஆனால் அவருக்கு விளங்குகிற மாதிரி எடுத்துச் சொல்ல முடியவில்லை.

---

ஆறு_கம்பி (குயவர்பாளையம்) எழுதியது:

அந்த அண்ணனுக்கு ஜோனி மிட்சலைப் போட்டுக் காட்டுங்கள் பாஸ். கனடாவில் 1943-ல் பிறந்தவர், தானே எழுதித் தானே பாடுகிறவர்களில் பெரிய பெயர். ஒன்பது வயதில் போலியோ வந்தது, இடது கை பலவீனமாகிவிட்டது. கிட்டாரில் வழக்கமான டியூனிங்கில் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, பிடிக்க இடது கை விரல்கள் நிறைய வேலை செய்ய வேண்டும், நான் இப்போது கற்றுக்கொண்டிருப்பதால் அந்த வலி தெரியும். அவர் என்ன செய்தார் என்றால் கம்பிகளையே பாட்டுக்குப் பாட்டு வேறு வேறு சுருதியில் இழுத்து வைத்தார், ஒன்றிரண்டு விரலில் பிடிக்கிற மாதிரி. அப்படி வைத்ததும் கையில் வந்து விழுந்த கார்டுகள் பாடப் புத்தகத்தில் இருக்கிற கார்டுகளாக இல்லை. கேட்டால் முடிந்த மாதிரியும் இருக்கும், முடியாத மாதிரியும் இருக்கும்.

இப்போது பாருங்கள், 1971-ல் 'ப்ளூ' வந்தபோது அவரை ஃபோக், அதாவது நாட்டுப்புற வழிப் பாடகி என்றார்கள். அந்தக் கார்டுகளுக்கும் தாளப் போக்குக்கும் ராக் வாசிக்கிறவர்கள் ஈடு கொடுக்க முடியாததால் ஜாஸ் ஆட்களைத் தேடிப் போனார், 1974-ல் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்'. 1975-ல் ஒரு பாட்டில் ஆப்பிரிக்காவின் புருண்டி நாட்டு முரசுப் பதிவை அடியில் ஓடவிட்டார். 1976-ல் 'ஹெஜிரா', அதில் ஜாகோ பாஸ்டோரியஸ் ஃப்ரெட், அதாவது கழுத்தில் இருக்கும் கட்டைகள், இல்லாத பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறார். பேஸ் என்றால் கீழே நின்று தூண் மாதிரி தாங்கும் என்றுதான் நினைப்போம், இதில் அது வழுக்கிக்கொண்டே மேலே வந்து அவர் குரலோடு பேசும். 1979-ல் ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸ் உடன் சேர்ந்து ஆரம்பித்த ஆல்பம், அது வெளிவருவதற்குள் மிங்கஸ் இறந்துவிட்டார். ஃபோக் ரசிகர்கள் பாதிப் பேர் போய்விட்டார்கள், ஜாஸ் ரசிகர்கள் முழுசாகச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. பல வருடம் கழித்து ஹெர்பி ஹான்காக் என்ற ஜாஸ் பியானோக்காரர் மிட்சல் பாட்டுகளை வைத்துப் போட்ட ஜாஸ் ஆல்பம் 2008 கிராமியில் வருடத்தின் சிறந்த ஆல்பம் என்று ஜெயித்தது.

அவர் உட்கார்ந்து "ஃபோக்கையும் ஜாஸையும் கலக்கலாம்" என்று திட்டம் போடவில்லை. கை கேட்டதால் கம்பி மாறியது, கம்பி மாறியதால் கார்டு மாறியது, கார்டு கேட்டதால் ஆள் மாறினார்கள். சுசீலா ராமனும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது. எந்த நாட்டுக்குப் போனாலும் தேடுவது ஒன்றைத்தான்: பாடப் பாட ஆளைத் தன்னை மறக்க வைக்கிற பாட்டு. காவடி, கவ்வாலி, கேமலான் மூன்றிலும் அதுதானே நடக்கிறது? ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் ஏறும். வகை மூன்று, தேடல் ஒன்று. கையில் கிடைத்ததை எடுத்தவர் இல்லை அவர்.

---

மைக்செட்_திருப்பாதிரிப்புலியூர் எழுதியது:

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், சொல்லத் தெரியவில்லை. அருமை தம்பி.

---

தெற்கு_வீதி (சிதம்பரம்) எழுதியது:

தாமதமாக வருகிறேன். வெளிநாட்டுக்காரர்களை மட்டும் சொல்லிவிட்டு நம் ஆட்களை விட்டுவிட்டீர்களே என்று ஒரு ஆதங்கம், அதனால் எழுதுகிறேன்.

கோபாலகிருஷ்ண பாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடியவர். நந்தனார் சரித்திரத்தில் கீர்த்தனையும் இருக்கிறது, நொண்டிச் சிந்தும் இருக்கிறது, வயல்வேலை செய்கிறவர்கள் வாயில் இருக்கிற மெட்டும் இருக்கிறது, மராட்டியர் வழியாக வந்த லாவணியும் இருக்கிறது. கதைக்கு எது வேண்டுமோ அது. நந்தன் தில்லைக்குப் போக உத்தரவு கேட்டு நிற்கிற இடத்தில் வருகிற பாட்டையும் வேதியர் அதட்டுகிற பாட்டையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது, வார்த்தால் கதை செத்துவிடும். அந்த நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது பாராட்டு முன்னுரைப் பாட்டு, கேட்டுப் போனபோது மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்று ரொம்ப நாள் தயங்கினார். பிறகு அந்தப் பாட்டைக் காதால் கேட்டு உருகித்தான் கொடுத்தார். உ.வே.சா. இதைப் பதிவு செய்திருக்கிறார். அளவுகோலை வைத்துக்கொண்டு படித்தபோது பிடிபடாதது, பாடக் கேட்டபோது பிடிபட்டது.

உங்கள் ஊரிலேயே பாரதியார் 1908 முதல் 1918 வரை இருந்தார். அவர் பாட்டுகளின் தலையில் பாருங்கள், ராகம் தாளம் போட்ட பாட்டும் உண்டு, நொண்டிச் சிந்து, கிளிக்கண்ணி என்று போட்டதும் உண்டு. பிச்சைக்காரர் பாட்டு, படித்தவர் பாட்டு என்று அவர் பிரித்து வைக்கவில்லை. அப்பரின் முதல் பதிகம் பாடப்பட்ட திருவதிகை எங்கள் கடலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது, அந்தப் பதிகத்தின் தலையில் பண் (பழந்தமிழ் ராகம்) கொல்லி என்று இருக்கும், அவ்வளவுதான். டீச்சர் சொன்ன வழி நமக்குப் பழக்கமான வழி. தயங்காமல் அதையே போடுங்கள்.

---

வைத்திக்குப்பம்_வாசி எழுதியது:

எல்லாவற்றையும் வைத்து இரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். நோட்டீஸ் இப்படி இருக்கும்:

"சுசீலா ராமன். தானே எழுதியும் முன்னோர் பாட்டை எடுத்தும் பாடுகிறவர். லண்டனில் பிறந்த தமிழர். கர்நாடகக் கச்சேரியை எதிர்பார்த்து வர வேண்டாம், காது கொடுத்து உட்கார வாருங்கள். கேட்கப்போவது தெலுங்கு, தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சுப் பாட்டுகள்."

உள்ளே கொடுக்கிற தாளில் பாட்டுக்கு ஒரு வரி. மாதிரிக்கு இரண்டு:

"நகுமோமு. தியாகராஜர் கிருதி, தெலுங்கு. ராகம் ஆபேரி. கிட்டாருடன்."

"முருகன் பாட்டுகள், 2011. தமிழ். காவடி நடையில், எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து. கோவை கமலாவிடம் கற்றது."

குழுவில் படித்துக் காட்டினேன். 'ஃப்யூஷன்' சொன்ன நண்பர் மட்டும் நோட்டீஸ் நீளமாக இருக்கிறது என்கிறார், மற்றவர்களுக்குச் சரி.

---

பாட்டு_டீச்சர் எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. "எதிர்பார்த்து வர வேண்டாம்" என்பதை எடுத்துவிடு, நோட்டீஸில் வராதே என்று எழுதக் கூடாது. அதற்குப் பதில் "கச்சேரி அல்ல, பதிவுகளைக் கேட்கும் மாலை" என்று போடு, விஷயம் அதிலேயே வந்துவிடும். ஆபேரிக்குப் பக்கத்தில் ஆதி தாளமும் சேர்த்துக்கொள்.

வரிசையில் நகுமோமுவை முதலில் வைக்காதே. அதை முதலில் போட்டால் என் மாதிரி ஆட்கள் மாலை முழுக்க ஒப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்போம். அவரே எழுதிய பாட்டு ஒன்றில் ஆரம்பி. அந்தக் குரல் பழகின பிறகு கிருதிக்கு வா.

---

மைக்செட்_திருப்பாதிரிப்புலியூர் எழுதியது:

அண்ணா, ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்காதீங்க, நான் என் வண்டியில் போட்டு எடுத்துட்டு வரேன். கேமலான் பாட்டுக்கு அடி ஸ்வரம் நல்லா கேட்கணும், பெரிய வெண்கல கோங்கு அதிலதான் நிக்குது, சின்ன ஸ்பீக்கரில் அது காணாமல் போயிடும். மாடி எத்தனை அடி, மின்சாரம் எந்தப் பக்கம் இருக்கு என்று மட்டும் தனிச் செய்தியில் சொல்லுங்க. மழை வந்தால் மூட தார்ப்பாய் என்னிடமே இருக்கு.